ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள்

அந்தப் புத்தகத்தை வாங்கியது மலேசியாவின் பினாங்கில், சௌராஸ்தா மார்க்கெட் மாடியில். பினாங்குக்காரர்களுக்குத் தெரியும், கீழே மீன், கோழி, ஜாதிக்காய் ஊறுகாய். படியேறினால் கூரை முட்டப் பழைய புத்தகம். கடைக்காரர் பத்து வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், எட்டுக்கு முடிந்தது. கார்மக் மெக்கார்த்தி என்ற அமெரிக்கர் எழுதிய 'தி ரோட்'. 2006இல் வந்து அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கிய நாவல் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒல்லியாக இருந்தது, அதனால் எடுத்தேன்.

முப்பது பக்கம் தாண்டவில்லை. உலகம் எரிந்து சாம்பலாகிவிட்டது. ஒரு அப்பாவும் சின்னப் பையனும் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றில் சாமான்களைப் போட்டுத் தள்ளிக்கொண்டு தெற்கே நடக்கிறார்கள். குளிர், பசி, சாம்பல், மறுபடியும் குளிர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஸ்டோரில் நாள் முழுக்கப் பெட்டி எண்ணிவிட்டு வருகிறவனுக்கு ராத்திரியில் இது தேவையா? அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டேன். அது 2017 அக்டோபர்.

நவம்பர் 4, சனிக்கிழமை, மழை பிடித்தது. ஜாலான் பி. ராம்லி பக்கம் குடியிருப்பவர்களுக்கு மழை புதிதல்ல. சுங்கை பினாங் ஆறு பொங்கினால் கணுக்கால் அளவு வரும், கூட்டித் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வோம். அன்று காற்றும் சேர்ந்துகொண்டது. ராத்திரி பதினொன்று இருக்கும், குளியலறைத் துவாரத்திலிருந்து களக் களக் என்று சத்தம். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தண்ணீர் பின்னாலிருந்து வந்தது. மணல் மூட்டை வைக்கிறவர்களுக்கு முதல் செய்தி இதுதான்: குளியலறை, சமையலறைத் துவாரங்களைப் பழைய துணி சுற்றிய பிளாஸ்டிக் பையால் அடைத்து, மேலே கனமாக ஏதாவது வையுங்கள். முழுக்க நிற்காது. ஆனால் மெயின் சுவிட்சை அணைக்கவும் பெட்டியைத் தூக்கவும் அரை மணி நேரம் கிடைக்கும்.

எனக்கு அந்த அரை மணி கிடைக்கவில்லை. முழங்கால், அப்புறம் இடுப்பு. அம்மாவுக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. சாப்பாட்டு மேசைமேல் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மகளுக்கு ஒன்பது வயது, அவள் பாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு மேசைமேலேயே. பக்கத்து வீடு மாடிவீடு. அந்தச் சீன அங்கிள் டார்ச்லைட்டோடு இடுப்பளவு தண்ணீரில் வந்து, "நாயேக்! நாயேக்!" என்று மேலே கையைக் காட்டிக் கத்தினார். அவரும் நானும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனோம். விடியும்வரை அவர் வீட்டு மாடியில் பதினொரு பேர். அதிகாலையில் மாநில அரசு ராணுவத்தைக் கூப்பிட்டதும், ஏழு பேர் இறந்துபோனதும் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும், கீழே எங்கள் ஃபிரிட்ஜ் சுவரில் முட்டும் சத்தமும்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு சேறு. அலமாரியின் அடித்தட்டில் இருந்ததெல்லாம் ஊறிப் பருத்திருந்தன. கல்யாண ஆல்பம் போய்விட்டது. இந்தப் புத்தகம் கால்வாசிதான் நனைந்திருந்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை. நிறுத்திவைத்து, விசிறிபோல் விரித்து, நடுநடுவே டிஷ்யூ தாள் செருகி, மதில்மேல் காயவைத்தேன். நனைந்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாகக் காயவைக்கலாம் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். எங்கள் ஃப்ரீசர்தான் கவிழ்ந்து கிடந்ததே. இரண்டு தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டிருந்தேன். மெத்தை காய்வதைக் காவல் காக்க ஆள் வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ந்தும் காயாமலும் மொடமொடவென்று இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்தேன். மூன்று நாளில் முடிந்தது.

அக்டோபரில் ஒட்டாத கதை நவம்பரில் ஏன் ஒட்டியது? வெள்ளம் பார்த்துவிட்டதால் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. நான் ஸ்டோர்கீப்பர். முதல் தடவை கதையைத் தேடினேன். இரண்டாம் தடவை அந்த வண்டியில் என்ன சாமான் இருக்கிறது என்று பார்த்தேன். அப்படிப் பார்த்தால் அது நாவலே இல்லை, ஸ்டாக் புத்தகம். ஒரு தார்ப்பாய். கம்பளிகள். கைத்துப்பாக்கி ஒன்று, அதில் இரண்டே தோட்டா. வண்டியின் கைப்பிடியில் மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றை மாட்டியிருக்கிறான் அப்பன், பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்க்க. முன்சக்கரம் தகராறு செய்கிறது, உட்கார்ந்து சரி செய்கிறான். உலகம் எப்படி அழிந்தது என்று ஆசிரியர் கடைசிவரை விளக்குவதில்லை. சக்கரத்தை எப்படிச் சரி செய்தான் என்பதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல் சொல்கிறார். ஸ்டோரில் இருபது வருஷம் இருந்தவனுக்கு அது புரிகிறது. ஸ்டாக் ஏன் தீர்ந்தது என்று மீட்டிங்கில் பேசுவார்கள். நாளைக்கு என்ன மிச்சம் என்பதுதான் என் வேலை.

ஓர் இடம் என்னை எழுந்து நடக்க வைத்தது. எல்லாம் தொடங்கிய அந்த இரவு. கடிகாரங்கள் 1:17க்கு நின்றுவிடுகின்றன. தூரத்தில் வெளிச்சம், அதிர்வு. அந்த மனிதன் நேராகக் குளியலறைக்குப் போய்த் தொட்டியின் குழாயைத் திறந்து விடுகிறான். இந்த நேரத்தில் ஏன் குளிக்கிறாய் என்று மனைவி கேட்கிறாள். குளிக்கவில்லை என்கிறான். அவ்வளவுதான், ஆசிரியர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நான் எழுந்து போய் எங்கள் குளியலறையைப் பார்த்தேன். அப்பா கட்டிய சிமெண்டுத் தொட்டி முன்பு அங்கேதான் இருந்தது. 2012இல் வீட்டைப் புதுப்பித்தபோது, இந்தக் காலத்தில் யார் மொண்டு குளிக்கிறார்கள் என்று நான்தான் உடைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் இப்போது ஷவரும் பூப்போட்ட டைல்ஸும். அம்மா அன்றைக்கே சொன்னாள், "தண்ணி நிக்கிற எடத்த ஒடைக்காதடா." வாஸ்து பேசுகிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மெத்தைக்குக் காவலாக அவளும் பக்கத்தில் இருந்ததால், படித்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எதற்கும் ஆச்சரியப்படவில்லை. தள்ளுவண்டியா, சரி. மனுசனை மனுசன் பிடித்துத் தின்கிறானா, "ம்." காலில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு நடக்கிறார்களா, "நாங்க கோணிச்சாக்கு." இப்படியே போனவள், திடீரென்று ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன்கிட்ட உப்பு இருந்துச்சா?"

எனக்கு நினைவில்லை என்றேன்.

"உப்பு இல்லாம எத்தன நாளு நடப்பான்? ஆம்பள எழுதுனதா? அதான்."

அப்புறம் தானாகப் பேச ஆரம்பித்தாள். ஜப்பான்காரன் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்த புகையைத் தோட்டத்திலிருந்து பார்த்ததாகச் சொல்வாள். செப்ராங் பிறை பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அடுத்த வருஷம் அவள் அப்பாவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, காட்டை வெட்டி, 1943இல் முடித்தார்கள். நம் ஆட்கள் எத்தனை பேர் அங்கேயே மண்ணாகிப் போனார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. என் தாத்தாவும் வரவில்லை. இதை நம்மவர்கள் எழுதாமல் இல்லை, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையே இளம் வயதில் படித்திருக்கிறேன். ஆனால் வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறாள், அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அமெரிக்காக்காரர் ஒருவர் வந்து வாயைத் திறக்க வைக்க வேண்டியிருந்தது.

அம்மா சொன்னது பசியைப் பற்றிக்கூட இல்லை. மரவள்ளிக்கிழங்கு கிடைத்ததாம், தோட்டத்து ஓரமெல்லாம் நட்டிருந்தார்களாம். உப்புதான் கிடைக்கவில்லை. உப்பில்லாத கிழங்கைப் பிள்ளைகள் துப்பிவிடும். பாட்டி கடற்கரைப் பக்கம் நடந்துபோய், கடல்தண்ணீரைத் தகரடின்னில் காய்ச்சி, கிடைத்த ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாளாம். ராத்திரியில் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். முடிச்சை அவிழ்த்து விரல் நுனியில் எடுத்துக் கொடுப்பாளாம். "யாருக்கும் குடுக்காம இருந்ததில்ல. ஆனா முடிச்ச முழுசா அவுக்க மாட்டா. உள்ள எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் காட்ட மாட்டா." இதைச் சொல்லும்போது அம்மா தன் சேலை நுனியை விரலால் முறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளத்தில் நனைந்து, நிவாரணத்தில் கிடைத்த யாருடையதோ சேலை.

நிவாரணம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். வெள்ளத்துக்கு இரண்டாம் நாள் பக்கத்துச் சூராவில், அதாவது சின்னத் தொழுகைக் கூடத்தில், சாமான் கொடுத்தார்கள். யாரென்று கேட்கவில்லை, வரிசையில் நின்றால் போதும். அரிசி, பிஸ்கட், மினரல் வாட்டர், துடைப்பம். ஒன்று வாங்கி வந்தேன். மறுபடி போய் நின்று இன்னொன்றும் வாங்கினேன். கூடவே வந்த மகள், "அப்பா, நம்ம ஏற்கனவே வாங்கிட்டோமே," என்றாள், சத்தமாக. முன்னால் நின்ற மக்சிக்குக்கு, அந்த மலாய் அம்மாவுக்கு, தமிழ் தெரியாது; தெரிந்ததுபோல் திரும்பிப் பார்த்தார். "பாட்டிக்கு," என்று சமாளித்தேன்.

நாவலில் அந்த இருவரும் பட்டினியின் விளிம்பில் இருக்கும்போது, தரைக்கடியில் யாரோ சேமித்து வைத்த அறை ஒன்று கிடைக்கிறது. டின் டின்னாகப் பழம், இறைச்சி. சாப்பிடுவதற்கு முன்னால் பையன், இதைச் சேர்த்து வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று கேட்கிறான். சொல்கிறான். நீங்கள் சாப்பிட முடியாமல் போனதற்கு வருத்தப்படுகிறோம் என்கிறான். அதைப் படித்தபோது எங்கள் சமையலறையில் பிரிக்காத இரண்டாவது பை சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. அன்று சாயங்காலம் அதை எடுத்துப்போய், சந்துக் கடைசியில் தனியாக இருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். நல்லவனாகிவிட்டதாகச் சொல்லவில்லை. துடைப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அந்த நாவலோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. சாலையில் எதிரில் வருகிறவன் எல்லாம் ஆபத்து. ஒளிந்துகொள்ள வேண்டும். சின்ன வயதுப் பையன்தான் ஒவ்வொரு தடவையும் உதவலாமா என்று கேட்கிறான். அப்பன் முடியாது என்கிறான், பல நேரம் அவன் கணக்கும் சரிதான். ஆனால் என் அம்மாவை நள்ளிரவில் தூக்கியவர், அதற்கு முன் பதினைந்து வருஷம் மோட்டார் நிறுத்தும் இடத்துக்காக என்னோடு முறைத்துக்கொண்டிருந்த மனிதர். லயத்துப் பெண்களும் உப்புக்கு வந்தார்கள், அடித்துப் பிடுங்கவில்லை. மெக்கார்த்தி அறுபதைத் தாண்டிப் பிறந்த மகனை நினைத்து எழுதிய கதை அது. புத்தகத்தை அந்தப் பிள்ளைக்கே சமர்ப்பித்திருக்கிறார். பிள்ளையைத் தனியாக விட்டுப் போய்விடுவோமோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அக்கம்பக்கமே இல்லாத உலகம்தான் புரியவில்லை. ஊர் வேறு, ஒருவேளை அதுதானோ என்னவோ.

சரி, அந்த வெள்ளமும் அந்தப் புத்தகமும் சேர்ந்து எங்கள் வீட்டில் எதை மாற்றின என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பை. பள்ளிப்பையின் அளவு. ஸ்டோரூம் மேல்தட்டில், என் தலைக்கு மேலே இருக்கும். பிறப்புப் பத்திரங்கள், வீட்டுப் பத்திர நகல், எல்லாம் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில். பிரஷர், சர்க்கரை மாத்திரை ஒரு வாரத்துக்கு; மாத்திரைப் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று, ஏனென்றால் அன்று ராத்திரி அம்மாவுக்கு என்ன மாத்திரை என்று கேட்டபோது "வெள்ளையா, சின்னதா" என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. தலையில் மாட்டும் டார்ச்லைட், கை இரண்டும் ஆளைத் தூக்க வேண்டுமே. டின் திறப்பான். இதைச் சிரிக்காமல் கேளுங்கள்: எங்களிடம் ஆறு டின் சார்டின் இருந்தது, ஒன்றிலும் வளையம் இல்லை. திறப்பான் சேற்றுக்குள் எங்கோ போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திறக்கப் போய்க் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன்.

காலணி விஷயத்தில் அந்த அப்பனிடம் பாடம் கேட்கலாம். நாவலில் பாதம்தான் உயிர். நான் வெள்ளத்துக்கு மறுநாள் ஜப்பான் சிலிப்பரோடு சேற்றில் இறங்கி, ஆணி குத்தி, காய்ச்சலில் விழுந்தேன். எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, இல்லை. வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், சின்னக் கீறல் வழியாகக்கூடக் கிருமி ஏறிவிடும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் பாசாரில் அப்போது முப்பது வெள்ளிக்குள் கிடைத்தது. மீன் வெட்டுகிறவர்கள் போடுவார்களே, அதுதான்.

அப்புறம் உப்பு. ஒரு பாக்கெட், இறுக மூடும் டப்பாவில். அதை வைத்தது அம்மா.

இந்த மாதிரிப் புத்தகத்தைப் படிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. ராத்திரியில் வேண்டாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அதை மறுபடி எடுத்தேன், ஆள் நடமாட்டமில்லாத கர்னி டிரைவ் கடற்கரைச் சாலைப் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, படுக்கையில். இரண்டே நாளில் தூக்கம் கெட்டது. பகலில், கைக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டு படிப்பதுதான் சரி. கீரை ஆய்ந்துகொண்டு, மெத்தை காயவைத்துக்கொண்டு. என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், அதுவே போதுமானதாக இருந்தது, வாக்கியங்கள் குட்டை குட்டையானவை. கருவிகளின் பெயர்தான் மல்லுக்கட்டும். பேச்சுக்கு மேற்கோள் குறியே கிடையாது, யார் பேசுகிறார் என்று குழம்பும். வாய்விட்டுப் படித்தால் அப்பன் குரலும் பிள்ளை குரலும் தானாகப் பிரிந்துவிடும். யாருக்காவது தமிழில் சொல்லிக்கொண்டே போனால் இன்னும் நல்லது. முக்கியமாக எண்பது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால். கேள்வியெல்லாம் அவர்களிடமிருந்துதான் வரும்.

2024 ஜனவரியில் பினாங்கில் நான்கு நாள் தண்ணீர் நின்றது, 10ஆம் தேதியிலிருந்து. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வு மாற்ற வேண்டியிருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஊரே வாளி வாங்கியது. தொட்டியில்லாத எங்கள் குளியலறையில் இரண்டு பெரிய நீல டிரம். மகள்தான் குழாயைப் பிடித்து நிரப்பினாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது, என் அம்மா உயிரோடு இல்லை. டிரம்மில் நீர் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, குளிக்கவில்லை என்று சொன்ன அந்த மனிதனின் கதையை அவளுக்குச் சொன்னேன். அதில் தொடங்கி, என் மொடமொடத்த பிரதியை எடுத்துப்போய்ப் படித்தாள். ஒட்டிக்கொண்ட தாள்கள் வந்ததும் திரும்பி வந்தாள்.

"இதுல என்ன இருக்கு?"

தெரியாது என்றேன். ஆறு வருஷமாகத் தெரியாது. முக்கியமான ஏதோ ஒன்று அதில்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. ஒருவேளை உப்புகூட.

பள்ளித் தோழியிடமிருந்து வேறு பிரதி வாங்கி வந்து அந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டாள். நான் சோற்றில் கையை வைத்தபடி காத்திருந்தேன்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள். "நடக்குறாங்க. குளுருது. நடக்குறாங்க."